கான்ஸ்டபிளுக்கு எஜமானர் யார்?

2012-ஆம் வருஷம் மே மாதம் 10-ஆந் தேதியன்று, லண்டன் மாநகரில் தேம்ஸ் நதியை ஒட்டிச் செல்லும் மில்பாங்க் சாலையிலிருந்து ஓர் ஊர்வலம் புறப்பட்டது. இங்கிலாந்தின் பல பாகங்களிலிருந்தும் வேல்ஸிலிருந்தும் வந்து கூடிய சுமார் 30,000 போலீஸ்காரர்கள், தங்கள் லீவு நாளில், உத்தியோக உடுப்பைக் களைந்து வைத்துவிட்டுச் சாதாரணப் பிரஜைகளாக, உள்நாட்டு இலாகாவின் காரியாலயத்தையும் பார்லிமெண்ட் மாளிகையையும் கடந்து நடந்தார்கள். அவர்களில் 16,000 பேருடைய தலையில் கறுப்புத் தொப்பி இருந்தது. சர்க்கார் உத்தரவிட்டிருந்த செலவுக் குறைப்பினால் போலீஸ் படைகளிலிருந்து மறையப் போகும் உத்தியோகஸ்தர்களின் தொகை ஏறக்குறைய அவ்வளவு என்று போலீஸ் தணிக்கை இலாகாவே மதிப்பிட்டிருந்தது. ஆகையால் தலைக்கு ஒரு தொப்பி, ஒரு தொப்பிக்கு ஒரு வேலை. அதே தினத்தில், ஓய்வூதியம் பற்றிய தகராறில் லட்சக்கணக்கான இதர சர்க்கார் ஊழியர்கள் வேலை நிறுத்தம் செய்து தெருவில் இறங்கியிருந்தார்கள். போலீஸ்காரர்களுக்கோ அந்த உரிமை கிடையாது. ஊர்வலம் போனவர்களுக்குப் பாதுகாப்பாக வழியோரத்தில் நின்றவர்களும் அவர்களுடைய சகாக்களே.

அவர்களுடைய முறையீடுகள் பலவாயினும் அவற்றின் உள்ளே இரண்டு சங்கதிகள் இருந்தன: சர்க்கார் கஜானாவிலிருந்து போலீஸுக்கு வரும் மானியத்தில் ஐந்தில் ஒரு பங்கு வெட்டப்படுகிறது என்பது ஒன்று, வெட்டியதால் உண்டாகும் பள்ளத்தை நிரப்பக் காவல் தொழிலின் பகுதிகளைத் தனியார் கம்பெனிகளுக்குக் குத்தகையாக விட ஏற்பாடு நடக்கிறது என்பது மற்றொன்று. குத்தகைக் காவல் என்பது ஏதோ நவீன யோசனை போலப் பலர் அன்று பேசினார்கள். இங்கிலாந்து தேசம் அதை ஒரு நூற்றாண்டுக்கு மேல் அனுபவித்துப் பார்த்து, சகிக்க மாட்டாமல் கைவிட்ட தேசம் என்பதைச் சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் லண்டனில் போலீஸ் என்று சொல்லத்தக்க ஸ்தாபனம் எதுவும் இல்லை. ஒவ்வொரு பாரிஷிலும் முறை வைத்துக் கான்ஸ்டபிள் வேலை பார்க்கும் குடியானவரோ வியாபாரியோ ஒருவர் இருப்பார். இராக்காலத்தில் லாந்தரும் தடியும் ஏந்திய கிழக் காவலாளிகள் சிலர் உலாவுவார்கள். வழிப்பறிக்காரன் ஒருவனைப் பிடித்துக் கொடுத்து அவன் குற்றவாளியென்று தீர்ப்பானால் 40 பவுன் வெகுமதி என்று 1690-களில் சட்டம் செய்தார்கள். அந்தச் சட்டத்தின் நிழலில் கள்ளரைப் பிடிப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட ஒரு கூட்டம் முளைத்தது. அவர்களில் தலையாயவன் ஜோனதன் வைல்ட். களவுபோன பொருளை மீட்டுத் தருகிறேன் என்று அவன் காரியாலயம் திறந்து வைத்திருந்தான், பொருளைப் பறிகொடுத்தவர்கள் வருவார்கள், கூலி பேசுவான், சில நாளில் பொருள் திரும்பி வரும். களவாடியவர்களும் அவன் கீழ் இருந்தவர்களே என்பதும், பணிய மறுத்தவனைச் சட்டத்துக்குக் காட்டிக் கொடுத்து 40 பவுனைப் பெற்றுக்கொண்டான் என்பதும் பின்னால்தான் வெளிச்சமாயிற்று. நம் மதுரைச் சீமையில் மாட்டைப் பறிகொடுத்த சம்சாரி, தரகன் ஒருவனிடம் துப்புக்கூலியைக் கொடுத்துவிட்டு, அவன் குறித்த இடத்தில் கட்டிக் கிடக்கும் தன் மாட்டைத் தானே அவிழ்த்து வருகிற வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. லண்டனில் நடந்ததும் சாக்ஷாத் துப்புக்கூலிதான். திருட்டுச் சொத்தை மீட்டுக் கூலி வாங்குவதும் திருட்டுக்குச் சமானம் என்று 1718-ல் சட்டம் செய்த பிறகும் அவன் ஏழு வருஷம் தொழில் நடத்தினான். கடைசியில், ஒரு கடைக்காரியின் லேஸ் துணியை அவனே களவாடச் செய்து, அதை மீட்டுக் கொடுக்க 10 கினி வாங்கிய வழக்கில் அகப்பட்டு, 1725-ஆம் வருஷம் மே மாதம் 24-ஆந் தேதி டைபர்ன் தூக்குமேடையில் மாண்டான். வெகுமதிக்காக நிரபராதிகளைச் சிக்கவைக்கும் கூட்டங்கள் அவனோடு ஒழிந்துவிடவில்லை. 1750-களிலும் அப்படிப்பட்ட ஒரு கூட்டம் அம்பலமாகி லண்டன் ஜனங்களைத் திடுக்கிடச் செய்தது.

தனியார் காவலுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் எடுத்துக்காட்டத் தக்க நல்ல திருஷ்டாந்தமும் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 1798-ல் பாட்ரிக் கால்கூன், ஜான் ஹாரியட் என்ற இருவர், மேற்கிந்தியத் தீவுகளோடு வியாபாரம் செய்த வர்த்தகர்களிடம் 4,200 பவுன் பெற்று, தேம்ஸ் கரையில் வாப்பிங் துறையில் சுமார் 50 பேர் அடங்கிய நதிக் காவல் படை ஒன்றை நிறுவினார்கள். நதியில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து சர்க்கரையும் ரம்மும் காப்பிக்கொட்டையும் கரையேறுவதற்குள் கொள்ளை போய்க்கொண்டிருந்தன. படை வந்தது, களவு குறைந்தது, போட்ட முதலைப் போலப் பல மடங்கு சரக்கு மிஞ்சியதாக வர்த்தகர்கள் கணக்குக் காட்டினார்கள். எனினும் சரக்கு இறக்கும் கூலிகளின் பக்கத்தில் நின்று பார்த்தால் இந்தச் சித்திரம் வேறாகத் தெரிகிறது. மூட்டையிலிருந்து தளத்தில் சிந்திய சர்க்கரையைக் கூட்டி அள்ளிக்கொள்வதும், படகின் அடியில் தங்கிய நிலக்கரியில் ஒரு கூடை வீட்டுக்குக் கொண்டுபோவதும் தலைமுறை தலைமுறையாகக் கூலியோடு சேர்ந்த பாத்தியதையாக அவர்கள் எண்ணி வந்தவை. களத்தில் சிந்திய நெல் யாருக்கு என்று நம் கிராமங்களில் எழுந்த வழக்கை நினைத்துக்கொண்டால் அவர்கள் மனம் நமக்கு விளங்கும். சரக்குக்குச் சொந்தக்காரர்களிடமே சம்பளம் வாங்கிய காவலர்கள் அந்தப் பாத்தியதையை ஒரே நாளில் திருட்டு என்று பெயர் மாற்றினார்கள். அந்த வருஷம் அக்டோபர் மாதம், நிலக்கரி எடுத்தவர்களுக்கு அபராதம் விதித்த அன்று மாலை, சுமார் 2,000 பேர் வாப்பிங் காரியாலயத்தைக் கல்லால் தாக்கினார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. இரு தரப்பிலும் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. இரண்டு வருஷங்களுக்குள், 1800-ல், பார்லிமெண்டு சட்டம் இயற்றி அந்தப் படையைச் சர்க்காரின் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. தனியார் பணத்தில் நடந்த காவல் திறமையாக நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அது யாருடைய சொத்துக்குக் காவலாக நின்றது என்பதே என்னுடைய கேள்வி.

1829-ஆம் வருஷம் செப்டம்பர் 29-ஆந் தேதி மாலை, உள்நாட்டு மந்திரி ராபர்ட் பீல் உண்டாக்கிய புதிய போலீஸ் படை லண்டன் தெருக்களில் முதன்முதலாக நடந்தது. பட்டாளத்தின் சிவப்புக் கோட்டு ஜனங்களுக்குப் பயத்தை ஊட்டுமென்று நீலக் கோட்டும் உயர்ந்த தொப்பியும் கொடுத்தார்கள், கழுத்தை நெரிக்க வருகிறவர்களிடமிருந்து தப்புவதற்காகக் காலருக்குள் நாலு அங்குல அகலமுள்ள தோல் பட்டை, கையில் மரத்தடி, கூப்பிட ஒரு கிலுகிலுப்பை. சம்பளம் வாரத்துக்கு ஒரு கினி. வேலையில்லாத நேரத்திலும் அந்த உடுப்பிலேயே இருக்க வேண்டுமென்பது விதி. வேளைக் காவலில் இருக்கிறவன் எவன் என்று ஜனங்கள் அறிவதற்காக இடது மணிக்கட்டில் கோடு போட்ட துணிப்பட்டை ஒன்றை அணிவித்தார்கள். ஜனங்கள் இவர்களை வரவேற்றார்களென்று நினைக்க வேண்டாம். 1833-ல் ஒரு பொதுக்கூட்டத்தைக் கலைக்கப்போன இடத்தில் கான்ஸ்டபிள் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டபோது, விசாரித்த ஜூரிகள் அது நியாயமான கொலையே என்று தீர்ப்புச் சொன்னார்கள். அத்தனை துவேஷத்தையும் வாங்கிக்கொண்டு, ஆயுதமின்றி நடந்து நடந்துதான் அந்தப் படை ஜனங்களின் நம்பிக்கையைச் சம்பாதித்தது. அதற்கு ஆதாரமாயிருந்த தத்துவம் ஒன்றுண்டு: கான்ஸ்டபிள் கூலியாள் அல்லர், பிரமாணம் செய்துகொண்டு ராஜாங்கத்தின் பேரில் அதிகாரம் பெற்றவர், வழியில் போகிற பிரபுவையும் பிச்சைக்காரனையும் சட்டத்தின் முன் ஒன்றாகக் காணக் கடமைப்பட்டவர்.

கூலியாள் அல்லர் என்றாலும் வயிறு உண்டல்லவா? 1872-லும் 1890-லும் லண்டன் கான்ஸ்டபிள்கள் சம்பளக் குறைவைச் சொல்லி வேலைக்குப் போக மறுத்தார்கள். அவற்றின் விளைவுகளை விவரிக்க இங்கே இடமில்லை. 25 வருஷ சேவைக்குப் பின் ஓய்வூதியம் உரிமையானது 1890-ஆம் வருஷத்துச் சட்டத்தினால்தான் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம். பெரிய கிளர்ச்சி 1918-ல் வந்தது. யுத்தத்தினால் விலைவாசி இரட்டிப்பாகிவிட, போலீஸ்காரரின் குடும்பம் ஆலைக் கூலியின் குடும்பத்தைக் காட்டிலும் கஷ்டப்பட்டது. போலீஸ்காரர் தொழிற்சங்கத்தில் சேர்ந்த குற்றத்துக்காகக் கான்ஸ்டபிள் ஒருவரை டிஸ்மிஸ் செய்ததும், ஆகஸ்டு 30-ஆந் தேதி லண்டன் போலீஸில் சுமார் 12,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். பிரதம மந்திரி லாயிட் ஜார்ஜ் மறுநாளே அவர்களை அழைத்துப் பேசி, சம்பளத்தை உயர்த்தி, விதவைகளுக்கு ஓய்வூதியம் தந்து, நீக்கப்பட்டவரையும் திரும்பச் சேர்த்தார். யுத்த காலத்தில் சங்கத்தை அங்கீகரிக்க முடியாது என்று மட்டும் சொன்னார். யுத்தம் முடிந்தால் அங்கீகாரம் வரும் என்று போலீஸ்காரர்கள் அதற்குப் பொருள் கொண்டார்கள். போலீஸ் கமிஷனர் சர் எட்வர்டு ஹென்றி ராஜினாமாச் செய்தார். வங்காள மாகாணத்தில் போலீஸ் தலைவராயிருந்து, அஜீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இரு இந்தியர்களின் கணிதத் திறமையைக் கொண்டு கைரேகைகளை வகைப்படுத்தும் முறையைக் கல்கத்தாவில் உருவாக்கியவர் அவரே.

அங்கீகாரம் வரவில்லை. 1919-ல் டெஸ்பரோ பிரபுவின் கமிட்டி சம்பளத்தை ஆரம்பத்திலேயே வாரத்துக்கு 70 ஷில்லிங் என்று தாராளமாக உயர்த்தியது. அதே கையோடு சங்கத்தைச் சட்ட விரோதமாக்கி, போலீஸ் பெடரேஷன் என்ற சபையைச் சர்க்காரே அமைத்துக் கொடுத்தது. போலீஸ்காரரை வேலை நிறுத்தத்துக்குத் தூண்டுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. எதிர்த்து ஆகஸ்டு முதல் தேதி வாக்கில் வேலையை விட்டவர்கள் லண்டனில் ஆயிரத்துச் சொச்சம் பேர். லிவர்பூலிலோ படையில் ஏறக்குறையப் பாதி. அந்நகரத்தில் கடைகள் சூறையாடப்பட்டன. பட்டாளமும் டாங்குகளும் வந்தன. மெர்ஸி நதியில் வாலியண்ட் என்ற யுத்தக் கப்பல் வந்து நின்றது. வேலையை விட்டவர்கள் அனைவரும் நீக்கப்பட்டார்கள். இருபது வருஷம் சேவை செய்து ஓய்வூதியத்தை எட்டிப் பிடிக்கும் தறுவாயில் இருந்தவர்களும் அவர்களில் உண்டு. ஒருவர்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ளப்படவில்லை.

ஆக, அந்த வருஷத்தில் ஓர் உடன்படிக்கை எழுதாமலே எழுதப்பட்டது: கையைக் கட்டிக்கொள்ளுங்கள்; உங்கள் வயிற்றை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சர்க்கார் அதை மறந்தபோதெல்லாம் போலீஸ்காரர்கள் ஞாபகப்படுத்தி வந்திருக்கிறார்கள். 1931-ன் பொருளாதார நெருக்கடியில் சம்பளம் வெட்டப்பட்டபோது முணுமுணுப்பு. 1970-களின் முடிவில் வேலை நிறுத்த உரிமையே வேண்டும் என்ற பேச்சு. 1993-ல் போலீஸ் சம்பள முறையைப் பரிசீலித்த சீஹி கமிட்டியின் சிபாரிசுகளுக்கு எதிராக வெம்பிளியில் 20,000-க்கும் மேற்பட்டோர் கூடிய கூட்டம். 2008 ஜனவரியில் சம்பள உயர்வு பற்றி லண்டனில் ஊர்வலம்.

2010 அக்டோபரில் வந்த செலவுக் குறைப்பு இவற்றையெல்லாம் மிஞ்சியது. நான்கு வருஷங்களில் மத்திய மானியம் 20 சதவிகிதம் குறையும் என்றார்கள். சம்பள முறையைப் பரிசீலிக்க, முன்பு ரயில்வேக் கட்டுப்பாட்டு அதிகாரியாயிருந்த டாம் வின்சரை நியமித்தார்கள். புதிதாகச் சேரும் கான்ஸ்டபிளின் வருஷச் சம்பளம் 19,000 பவுனுக்கு இறங்கலாம் என்பது அவர் சிபாரிசுகளில் ஒன்று. 2012 மார்ச்சில் மேற்கு மிட்லண்ட்ஸ், சர்ரே ஆகிய இரு போலீஸ் படைகள் 150 கோடி பவுன் பெறுமான டெண்டர் ஒன்றைத் தயாரித்திருப்பது பத்திரிகைகளில் வெளியாயிற்று. குற்றத்தைத் துப்பறிவதும், காவலில் வைப்பதும், தெருவில் ரோந்து சுற்றுவதும்கூட அந்த ஜாபிதாவில் இருந்தன. லிங்கன்ஷயர் ஜில்லாவில் ஜி4எஸ் என்ற கம்பெனி பத்து வருஷத்துக்கு 20 கோடி பவுன் ஒப்பந்தம் செய்துகொண்டு, காரியாலய ஊழியர்களில் ஐந்நூற்றுக்கு மேற்பட்டவர்களைத் தன் சம்பளப் பட்டியலுக்கு மாற்றிக்கொண்டது. மே ஊர்வலத்துக்கு ஆறு நாள் கழித்துப் போர்ன்மத்தில் நடந்த பெடரேஷன் மகாநாட்டில் உள்நாட்டு மந்திரி தெரஸா மே பேச வந்தபோது, சபையோர் தங்கள் அதிருப்தியைக் கூச்சலிட்டே தெரிவித்தார்கள்.

இரண்டு மாதத்தில் காலம் ஒரு பதில் சொல்லிற்று. லண்டன் ஒலிம்பிக் பந்தயங்களுக்கு 10,400 காவலர்களைத் தருவதாக ஒப்பந்தம் செய்திருந்த அதே ஜி4எஸ், பந்தயம் தொடங்க இரண்டு வாரம் இருக்கையில், அத்தனை பேரைத் தர முடியாது என்று கைவிரித்தது. லீவில் வீடு திரும்பவிருந்த சிப்பாய்கள் உள்ளிட்ட 3,500 பேரைச் சர்க்கார் அவசரமாக வரவழைத்தது. பல ஊர்களில் போலீஸ்காரர்களும் போய் அந்தக் காலி இடங்களில் நின்றார்கள். சர்ரே டெண்டரிலிருந்து விலகிக்கொண்டது. மேற்கு மிட்லண்ட்ஸில் நவம்பரில் தேர்தலில் ஜெயித்து வந்த போலீஸ் கமிஷனர் அதை ரத்துச் செய்தார். குத்தகை யோசனை இவ்விதம் பின்வாங்கியது. செலவுக் குறைப்பு பின்வாங்கவில்லை. 2010-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 1,44,000 பேர் இருந்த இடத்தில் 2017-ல் இருந்தவர்கள் ஏறக்குறைய 1,22,000 பேர். ஊர்வலத்தார் 16,000 தொப்பி தைத்திருந்தார்கள். இன்னும் ஐயாறாயிரம் தைத்திருக்க வேண்டும்.

2019-ல் ஆட்சிக்கு வந்த புதிய பிரதம மந்திரி 20,000 கான்ஸ்டபிள்களை வேலைக்குச் சேர்ப்பதாக வாக்களித்தார். 2023 மார்ச்சுக்குள் சேர்த்தும் விட்டார்கள். பத்து இருபது வருஷம் ஒரே வட்டாரத்தில் நடந்து, எந்தச் சந்தில் எந்த வீட்டுப் பையன் பழுது போகிறான் என்று மனப்பாடமாக அறிந்திருந்தவர்கள் விட்டுப்போன ரோந்து வழிகளில், அந்தப் புதியவர்கள் இப்போது ஒவ்வொரு கதவாகத் தட்டித் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு போகிறார்கள்.