காசு கொடுத்தாலும் கிடைக்காத கறி

அமெரிக்காவில் இன்று ஏறக்குறைய 3 கோடி வெள்ளைவால் மான்கள் இருப்பதாக ஒரு மதிப்பீடு. வீட்டுத் தோட்டத்துச் செடியை மேய்கின்றன. நெடுஞ்சாலையில் கார்முன் பாய்கின்றன. ஆனால் அங்குள்ள எந்தக் கறிக்கடைக்குப் போய், "காட்டு மான்கறி ஒரு பவுண்டு கொடுங்க" என்று கேட்டாலும் கிடைக்காது. உணவகத்தின் பட்டியலில் 'வெனிசன்' என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் நியூசிலாந்துப் பண்ணையிலிருந்து உறைநிலையில் கப்பலேறி வந்த கறி. வீட்டுக்குப் பின்னால் மேயும் மான் வேண்டுமென்றால், நீங்களே வேட்டை உரிமம் வாங்கிச் சுட வேண்டும்; இல்லையென்றால் சுட்டவர் யாராவது பிரியப்பட்டுக் கொடுக்க வேண்டும்.

அதனால்தான் மான்கறி ஸ்டூ அங்கே முழுக்க முழுக்க வீட்டுச் சமையல். ஏன் இப்படி ஆச்சு?

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1066க்குப் பிறகு நார்மன் அரசர்கள் பெரும் நிலப்பரப்புகளை 'அரச வனம்' என்று அறிவித்தார்கள். அங்கே மான் அரசருடையது. விருந்தில் மான்கறி வைத்தால் அந்த வீட்டுக்கு நிலமோ செல்வாக்கோ இருக்கிறது என்று பொருள். 1723இல் வந்த ஒரு சட்டம் மான் திருட்டின் சில வகைகளுக்குத் தூக்குத் தண்டனை வரை போனது. ஒரு சட்டி குழம்புக்காக உயிர்!

அந்த நாட்டிலிருந்து கப்பலேறிய ஏழைகளுக்கு அமெரிக்கா எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். யார் வேண்டுமானாலும் சுடலாம், தின்னலாம், தோலை விற்கலாம். (டாலரைப் பேச்சு வழக்கில் 'பக்' என்கிறார்களே, அது பண்டமாற்றில் புழங்கிய மான்தோலிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள்.) 1646இலேயே ரோட் ஐலண்டின் போர்ட்ஸ்மத்தில் வருஷத்தில் பாதி மாதம் மான் சுடத் தடை போட்டார்கள். குடியேறிய கொஞ்ச காலத்துக்குள்ளேயே மான் குறைவது தெரிந்துவிட்டது. தடையை யாரும் பெரிதாக மதிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

நிஜமான அழிவு ரயிலோடு வந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு குளிரூட்டிய பெட்டிகள் ஓடத் தொடங்கின. காட்டில் சுட்டது நகரத்துச் சந்தைக்குக் கெடாமல் போய்ச் சேர்ந்தது. கூலிக்குச் சுடும் வேட்டைக்காரர்கள் பெருகினார்கள். 1900 வாக்கில் நாடு முழுக்க எஞ்சியவை சுமார் 5 லட்சம் என்கிறார்கள். சில மாநிலங்களில் மான் என்பதே பாட்டன் கதையாகிவிட்டது.

அப்போது எடுத்த முடிவுதான் எனக்கு வியப்பு. வேட்டையை ஒழிக்கவில்லை, விற்பனையை ஒழித்தார்கள். 1900இல் வந்த லேசி சட்டம், ஒரு மாநிலத்தில் விதியை மீறிக் கொன்ற விலங்கை இன்னொரு மாநிலத்துக்கு அனுப்புவதை மத்தியக் குற்றமாக்கியது. மாநிலங்களும் ஒவ்வொன்றாகச் சந்தையை மூடின. நியூயார்க் 1911இல் காட்டு விலங்குக் கறி விற்பதையே தடுத்தது. 1937இல் துப்பாக்கி, தோட்டாவின் மீதான வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு ஒதுக்கும் சட்டம் வந்தது. மிச்சமிருந்த மான்களைப் பிடித்து, அற்றுப்போன காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். கூட்டம் மீண்டது.

இதை வெறும் வெற்றிக் கதையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. 1896இல் உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் சொன்னது. ஒன்று, காட்டு விலங்கு மாநில மக்கள் அனைவரின் பொதுச் சொத்து என்றது. இன்னொன்று, ஒப்பந்தம் போட்டு வேட்டை உரிமை வாங்கியிருந்த பானக் பழங்குடியினர், எல்க் என்னும் பெரிய மானைச் சுட்டால் வயோமிங் மாநிலச் சட்டப்படி குற்றம் என்றது. 'அனைவரும்' என்பதற்குள் அவர்கள் வரவில்லை. அந்தத் தீர்ப்பின் அடிப்படையை அதே நீதிமன்றம் தள்ளிவைக்க 2019 வரை ஆனது.

சரி, சட்டிக்கு வருவோம். நவம்பரில் மான் விழுந்தால் முதுகுக்கறி முதலில் தீரும். அதை மாட்டு ஸ்டேக் போல லேசாகச் சுட்டாலே போதும். முன்னந்தொடை, கால் கறிதான் ஸ்டூவுக்கு. ஓடியே வாழ்ந்த விலங்கு, உள்கொழுப்பு கிடையாது, நிறைய சவ்வு. அந்தச் சவ்வுதான் மெல்லிய கொதியில் இரண்டரை, மூன்று மணி நேரத்தில் கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். அவசரப்பட்டால் செருப்புத் தோல்தான். மானின் சொந்தக் கொழுப்பை ஒட்டச் சீவி எறிந்துவிட வேண்டும். ஆறினால் மெழுகு மாதிரி மேலண்ணத்தில் அப்பும். அதற்குப் பதிலாகப் பன்றிக் கொழுப்பில் கறித்துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நன்றாகச் சிவக்க வறுத்து, வெங்காயம், மாவு, சிவப்பு ஒயினோ எலும்புச் சாறோ ஊற்றி, கடைசி ஒரு மணி நேரத்தில் கேரட், உருளைக்கிழங்கு. தென் மாநிலங்களில் முதல்நாள் இரவே மோரில் ஊறப்போடும் பழக்கம் உண்டு. நம்ம ஊர் ஆட்டுக்கறிக்குத் தயிர் பிசிறுவது ஞாபகம் வருகிறதா? 1971இல் 'க்ராக்-பாட்' மின்சட்டி வந்த பிறகு, காலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திறந்தால் போதும் என்றானது. (இந்தியாவில் இருப்பவர்கள் படித்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே மான் வேட்டை சிறைக் குற்றம்.)

நியூசிலாந்து இதற்கு நேர் எதிர். வௌவால் தவிர நிலவாழ் பாலூட்டியே இல்லாத அந்தத் தீவுக்கு 19ஆம் நூற்றாண்டில் வேட்டை விளையாட்டுக்காக மானைக் கொண்டுபோனார்கள். பெருகிக் காட்டைத் தின்றது. 1930களில் அரசே கூலி கொடுத்துச் சுடவைத்தது. பிறகு ஹெலிகாப்டரில் போய்ச் சுட்டு ஏற்றுமதி செய்தார்கள். 1970 முதல் உரிமத்தோடு பண்ணையில் அடைத்தார்கள். ஒரு நாட்டில் காட்டு மானைக் காப்பாற்றச் சந்தையை மூடினார்கள். இன்னொரு நாட்டில் அதைக் குறைக்கச் சந்தை உதவியது.

விற்க முடியாததால் அமெரிக்காவில் மான்கறி கைமாறுவது அன்பளிப்பாகத்தான். அறுத்துக் கொடுக்கும் கடைக்காரர் கூலி வாங்கலாம், கறிக்கு விலை வாங்க முடியாது. பொட்டலத்தின் மேலேயே 'விற்பனைக்கல்ல' என்று அச்சிட்டிருக்கும். அண்டை வீட்டுக்கு, மாமனாருக்கு, உணவு வங்கிக்கு என்று போகும்.

அந்தக் கொடுக்கல் வாங்கலுக்குத்தான் இப்போது சோதனை. 2008இல் நார்த் டகோட்டாவில் தானமாக வந்த கொத்துக்கறியில் ஈயத் தோட்டாத் துணுக்குகள் இருப்பது தெரிந்து, உணவு வங்கிகளை அதைக் கொடுக்க வேண்டாம் என்றார்கள். அதைவிடப் பெரியது, 1967இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்டு இன்று பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் இருக்கும், மானை மெலியவைத்துக் கொல்லும் மூளைநோய். மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை. ஆனால் அதன் காரணியான பிரியான் புரதம் எத்தனை மணி நேரம் கொதித்தாலும் அழியாது. நோயுள்ள மானை உண்ண வேண்டாம் என்கிறது சுகாதாரத் துறை. விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் மான் தலையைச் சோதனைக்குப் போட்டுவிட்டுப் போகத் தனிப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். முடிவு வரும்வரை பொட்டலங்கள் உறைபெட்டியில் கிடக்கும். அண்டை வீட்டுக்கு எடுத்து வைத்ததும் அதோடு சேர்ந்துதான்.