மேல்மண் அகற்றும் காலம்: இளம் கால்களை நம்பிய அணிகளின் வரலாறு

யூபிலி மலருக்கு நம் பங்கின் கால்பந்து வரலாற்றை எழுதித் தரவேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, வென்ற கோப்பைகளைப் பட்டியலிட்டுக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். எழுதிப் பார்த்தால் பட்டியல் அரைப் பக்கத்தைத் தாண்டவில்லை. தோற்ற ஆட்டங்களை எழுதப் புகுந்தாலோ மலர் முழுவதும் போதாது! ஆகவே பட்டியலை ஒதுக்கிவிட்டு, பங்கு மக்களில் பலர் எங்களிடம் கேட்டுவரும் ஒரு கேள்விக்கு விடை தேடுவதே பயனுள்ள வேலை என்று முடிவு செய்தோம்.

கேள்வி இதுதான். மூத்த ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக விலகிய பின், பள்ளிச் சிறுவர்களைக் கொண்டு அணியைப் புதிதாகக் கட்டி வருகிறோம். அந்த அணி போகுமிடமெல்லாம் தோற்றுத் திரும்புகிறது. ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, "இந்தப் பொடியன்களை வைத்துக்கொண்டு என்ன சாதிக்கப் போகிறீர்கள்? யூபிலி ஆண்டிலாவது வெளியூரிலிருந்து நாலு நல்ல ஆட்டக்காரர்களைக் கூட்டிவந்து ஒரு கோப்பையை வாங்கிக் காட்டக்கூடாதா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதில் தவறில்லை. வரலாறு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

சுரங்கம் தந்த முதற்பாடம்

பொறுமையைப் பற்றி நெய்வேலி மக்களுக்கு எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது பழுப்பு நிலக்கரி தென்பட்ட கதை நம் பிள்ளைகளுக்கும் தெரியும். 1956இல் நிறுவனம் தோன்றியது. 1957 மே மாதத்தில் பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். ஆனால் நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில்தான். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளுக்கு மேலாக என்ன நடந்தது? மண் அகற்றினார்கள். மேல்மண்ணை வெட்டி வெட்டி ஒரு பக்கம் கொட்டினார்கள். கீழே அழுத்தத்துடன் காத்திருந்த ஊற்றுநீர் பொங்கிவிடாமல் இரவும் பகலும் இறைத்தார்கள். வெளியிலிருந்து வந்து பார்த்தவர்களுக்கு அது பெரிய குழியாகவும் பெரிய மண்மேடாகவும் மட்டுமே தெரிந்திருக்கும். 1962இல் மின்சாரம் பிறந்த பிறகுதான் அந்தக் குழியின் பொருள் ஊருக்கு விளங்கிற்று.

இளம் ஆட்டக்காரர்களைக் கொண்டு அணி கட்டுவதும் மேல்மண் அகற்றும் வேலைதான். நிலக்கரி தெரியும்வரை அதைப் பாராட்ட ஆளிருக்காது.

நம் நகரியத்திற்கென்று தனியான ஓர் இடர்ப்பாடும் உண்டு. மற்ற ஊர்களில் தாத்தா ஆடிய திடலில் பேரன் ஆடுகிறான். இங்கோ தகப்பனார் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நாகர்கோவிலுக்கோ தூத்துக்குடிக்கோ திருச்சிக்கோ குடும்பமே புறப்பட்டுவிடுகிறது. பிள்ளைகள் மேற்படிப்புக்கும் வேலைக்கும் சென்னை, பெங்களூர் என்று போய்விடுகிறார்கள். நேற்றுவரை கோல் காத்தவன் இன்று ஊரில் இல்லை. எனவே ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அணியை அடியிலிருந்து கட்டுவது நமக்கு எழுதப்பட்ட விதி என்றே சொல்லலாம்.

நாங்கள் செய்த பிழை

இதை மறைக்காமல் எழுதிவிடுகிறோம். நாங்கள் அணியை நடத்திய காலத்தில், ஒரு போட்டிக்காக வெளியூர் ஆட்டக்காரர்கள் ஐவரை அழைத்துவந்தோம். போக்குவரத்துச் செலவு, சாப்பாடு, கைச்செலவு எல்லாவற்றுக்கும் ஷிப்டு முடிந்து வந்து வீடு வீடாக நன்கொடை வசூலித்தோம். கோப்பை கிடைத்தது. பட்டாசு வெடித்தோம், படமும் எடுத்துக்கொண்டோம். அந்தப் படத்தின் ஓரத்தில், சீருடை அணிந்தும் ஒரு நிமிடமும் ஆடாத நம் பையன்கள் ஐவர் நிற்கிறார்கள். அடுத்த ஆண்டு பயிற்சிக்கு அவர்களில் ஒருவர்கூட வரவில்லை. அழைத்துவந்தவர்களும் வேறு அணிக்குப் போய்விட்டார்கள். அதன்பின் மூன்றாண்டுகள் பதினொரு பேரைச் சேர்க்கவே திண்டாடினோம். கோப்பை பத்திரமாக இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஐவரின் முகமே எங்களுக்கு நினைவுக்கு வருகிறது.

கடலூர்ப் பெண்கள் காட்டிய வழி

நிற்க. நம் மாவட்டத் தலைநகரில் நடந்த ஒன்றை நோக்குவோம். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை கடலூர்க் கரையில் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன்பின், துயரத்தில் இருந்த பெண் குழந்தைகளுக்குக் கால்பந்து கற்றுத்தர முன்வந்தார் மாரியப்பன் என்ற பயிற்சியாளர். கடலூரில் உருவான இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்விக் கழகத்தின் தொடக்கம் அதுவே. கோப்பையை எண்ணித் தொடங்கிய முயற்சி அன்று அது. மாலை நேரத்தில் குழந்தைகள் ஓடியாடட்டும், கூடவே படிக்கட்டும் என்பதே அதன் நோக்கம்.

அந்தத் திடலில் ஓடிய சிறுமிகள் வளர்ந்தார்கள். தேசியப் பெண்கள் கால்பந்தில் மணிப்பூர் அணியை அசைக்க முடியாது என்று எல்லாரும் எண்ணியிருந்த காலத்தில், 2018 பிப்ரவரியில் கட்டாக் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் தமிழ்நாடு அதே மணிப்பூரை 2-1 என்று வென்று முதன்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றது. அந்த வெற்றியில் கடலூர்ப் பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆழிப்பேரலைக்கும் அந்தப் பட்டத்திற்கும் இடையே 13 ஆண்டுகள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார். 2019இல் தெற்காசியப் பட்டம் வென்ற அணியில் இருந்தார். அதே ஆண்டு மதுரையின் சேது அணி லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தைப் பெற்றபோதும் அவர் அந்த அணியில் ஆடினார். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகிய அவர், 2020இல் கொரோனா ஊரடங்கின்போது சென்னைச் சாலைகளில் கடமையாற்றியதைப் பத்திரிகைகள் எழுதின. விளையாட்டு சோறு போடுமா என்று கேட்கும் பெற்றோருக்கு இதைவிட நல்ல விடை எங்களிடம் இல்லை.

2018இல் கிடைத்த பட்டம் அடுத்த முறையே கைநழுவி மணிப்பூருக்குத் திரும்பியது. ஆனாலும் நாற்றங்கால் வற்றவில்லை. 2023 ஜூனில் அமிர்தசரசில் அரியானாவை வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் இரண்டாம் முறையும் பட்டம் பெற்றார்கள்.

சீக்கிரம் பழுத்ததும் சீக்கிரம் உதிர்ந்ததும்

இதற்கு மாறான கதை ஒன்றும் நம் மாநிலத்தில் உண்டு. அதில் நம் ஊர்ப் பிள்ளை ஒருவரும் இருக்கிறார். நெய்வேலியில் பிறந்த எட்வின் சிட்னி வான்ஸ்பால், சென்னை சிட்டி என்ற அணியில் ஆடிவந்தார். அந்த அணி 2017ஆம் ஆண்டு முதல் ஐ-லீக் போட்டியில் ஆடியது. முதல் இரண்டு பருவங்களிலும் எட்டாம் இடமே கிடைத்தது. அடுத்து சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். எட்வின், மைக்கேல் ரெஜின், அலெக்ஸாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் முதலிய நம் மாநில இளைஞர்களோடு ஸ்பெயினிலிருந்து வந்த ஆட்டக்காரர்கள் சிலரைச் சேர்த்து அவர் அணியை அமைத்தார். பெட்ரோ மான்சி அந்தப் பருவத்தில் 21 கோல்கள் போட்டார். 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாப் அணியிடம் முதலில் ஒரு கோல் வாங்கிப் பின்தங்கி, பின் 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்றுச் சாம்பியனானது சென்னை சிட்டி. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக்கை வென்றது அதுவே முதல் முறை.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு அணிகளுக்குச் சென்றார்கள். எட்வினும் 2019இல் சென்னையின் எஃப்.சி. அணியில் சேர்ந்தார்; மறு ஆண்டு மார்ச்சில் கோவாவில், கொரோனா அச்சத்தால் பார்வையாளரே இல்லாத அரங்கில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டம்வரை அந்த அணி சென்றது. சென்னை சிட்டியோ 2021க்குப் பின் ஐ-லீக்கில் இடம்பெறவே இல்லை. சாம்பியனாகி மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள் அந்தப் பெயர் அட்டவணையிலிருந்து மறைந்துவிட்டது. வளர்ந்த ஆட்டக்காரர்களுக்கு நல்வாழ்வு கிடைத்தது. அதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் போனவர்களின் இடத்திற்கு வருவதற்கு, கீழே போதிய நாற்று இல்லாத வயலாக அந்த அணி நின்றுவிட்டது.

கடைசி இடமும் கணக்கில் சேரும்

2017 நவம்பர் 29 அன்று அதே சென்னை சிட்டியை 3-0 என்று தோற்கடித்த அணி எது தெரியுமா? இந்தியன் ஏரோஸ். இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடிய சிறுவர்களை முதன்மையாகக் கொண்டு அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அமைத்த அணி அது. அதில் வெளிநாட்டு ஆட்டக்காரர் எவரும் இல்லை. முகத்தில் மீசை அரும்பாத பையன்கள். தொடக்க வெற்றி அப்படி இருந்தும், பருவ முடிவில் பத்து அணிகளில் அவர்களுக்குக் கிடைத்தது பத்தாம் இடம். பலர் சிரித்தார்கள். ஆனால் சுரேஷ் சிங் வாங்ஜம், அன்வர் அலி, ரஹீம் அலி, ஜீக்சன் சிங் முதலியோர் அந்தத் தோல்விகளில் பழகியே இந்தியாவின் மூத்தோர் அணிக்கு உயர்ந்தார்கள். அட்டவணையில் கடைசி, பலனில் முதன்மை. அந்த அணியும் 2022இல் கலைக்கப்பட்டது வருத்தத்திற்குரியது.

ஒரு பங்கில் பிறந்த கழகம்

கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டும் சொல்ல விரும்புகிறோம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், 1887 நவம்பரில், தூய மரியா ஆலயப் பங்கு மன்றத்தில் கூடிய ஒரு கூட்டத்தில் பிறந்ததே புகழ்பெற்ற செல்டிக் கழகம். பங்கின் ஏழைக் குழந்தைகளுக்கு உணவளிக்கப் பணம் வேண்டும் என்பதற்காக அதைத் தொடங்கியவர், மரிஸ்ட் சபையைச் சேர்ந்த சகோதரர் வால்ஃபிரிட். அந்தக் கழகத்திற்கும் வறட்சி வந்தது. 1957இல் ஒரு கோப்பையை வென்றபின், 1965வரை பெரிய கோப்பை எதுவும் கிடைக்கவில்லை. அக்காலத்தில் கழகத்தார் விலை கொடுத்துப் பெரிய ஆட்டக்காரர்களை வாங்குவதைவிட உள்ளூர்ப் பையன்களை வளர்ப்பதிலேயே நம்பிக்கை வைத்தார்கள். தோல்விகள் குவிந்தன; ஏச்சும் பேச்சும் கேட்டார்கள். 1965இல் ஜாக் ஸ்டைன் பொறுப்பேற்று அந்தப் பையன்களை ஓர் ஒழுங்கில் ஆடவைத்தார். 1967 மே 25 அன்று லிஸ்பனில் இன்டர் மிலான் அணியை 2-1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையைக் கைப்பற்றினார்கள். அன்று களமிறங்கிய பதினொருவரும் தங்கள் திடலிலிருந்து 30 மைல் தொலைவுக்குள் பிறந்தவர்கள்!

ஆனால் பொறுமை மட்டும் போதாது என்பதையும் இதே வரலாறு சொல்கிறது. நல்ல பையன்கள் பல ஆண்டுகளாக அங்கே இருந்தார்கள். நல்ல பயிற்சி வந்தபிறகே வெற்றி வந்தது. வெறுமனே காத்திருப்பவன் குழியை மட்டுமே காண்பான்.

இனி நாம் செய்யத்தக்கவை

ஆகவே பெரியவர்களுக்கு எங்கள் பணிவான விடை இது. யூபிலிக்காக வெளியூர் ஆட்டக்காரர்களை அழைக்க வேண்டாம். அந்தத் தொகையில் பந்துகளும், காலணி வாங்க இயலாத பிள்ளைகளுக்குக் காலணியும் வாங்குவோம். இப்போதுள்ள சிறுவர் அணியை ஐந்தாண்டுகளுக்குக் கலைக்காமல் வைத்திருப்போம். முதல் இரண்டு ஆண்டுகளில் கோல் கணக்கை யாரும் கேட்கவேண்டாம். அவர்களுக்குக் கீழே பத்து வயதுப் பிள்ளைகளையும் இப்போதே சேர்ப்போம். ஆண்டுதோறும் சிலர் ஊரைவிட்டுப் போவது உறுதியாதலால், ஆண்டுதோறும் சிலர் புதிதாக வந்தாக வேண்டும். கடலூர் கற்றுத்தந்தபடி பெண் பிள்ளைகளுக்கும் திடலில் இடம் கொடுப்போம். பயிற்சி தரத் தெரிந்தவர்கள் ஷிப்டு பார்த்து முறை வைத்துக்கொள்வோம்.

நாம் வளர்த்த பையன் வேறு ஊருக்கு ஆடப் போனால் அதையும் நஷ்டக் கணக்கில் எழுதவேண்டாம். நெய்வேலி மின்சாரமும் நெய்வேலியிலேயே தங்கிவிடுவதில்லை அல்லவா?

மாலை ஐந்து மணிக்குத் திடல் பக்கம் ஒருமுறை வந்து நில்லுங்கள். தோற்றுத் திரும்பிய மறுநாளும் அந்தப் பிள்ளைகள் தவறாமல் வருகிறார்கள். எங்கள் காலத்து ஐவர் வராமல் போனார்கள், இவர்கள் வருகிறார்கள். இப்போதைக்கு அந்த வித்தியாசமே எங்களுக்குப் போதும்.