வெள்ளிச் சேவலும் மூழ்கிய ஊரும்

1938ஆம் ஆண்டு போர்ச்சுகல் அரசு ஒரு போட்டியை நடத்தியது. நாட்டின் ஊர்களுள் ‘மிகவும் போர்த்துகீசியத் தன்மை வாய்ந்த சிற்றூர்’ எது என்பதைத் தேர்ந்தெடுப்பதே அதன் நோக்கம். மாகாணங்கள் தத்தம் சிற்றூர்களை முன்னிறுத்தின. நடுவர் குழு ஊர் ஊராகச் சென்று பார்வையிட்டது. வீடு, தட்டுமுட்டுப் பொருள், உடை, கைவினை, பாட்டு, ஆடல், கதை, நம்பிக்கை, விழா, நிலத்தோற்றம் என அனைத்தும் மதிப்பிடப்பட்டன. அயற்செல்வாக்குக்கு இடங்கொடாமல் தன் மரபை எவ்வூர் காத்து வந்துள்ளது என்பதே அளவுகோல். பரிசு ஒரு வெள்ளிச் சேவல். அதனை வென்றது ஸ்பெயின் எல்லையை அடுத்த பெய்ரா பாய்ஷா பகுதியிலுள்ள மொன்சாந்தோ. அவ்வூரின் லுக்கானோ கோபுர உச்சியில் அச்சேவலின் படி இன்றும் நிற்கிறது.

நம் பாடநூல்களில் போர்ச்சுகல் என்பது பெரும்பாலும் ஒரு கப்பல். வாஸ்கோ ட காமா, அல்புகர்க், கோவா என அக்கப்பல் வந்து சேர்ந்த இடங்களை அறிவோம். சாவி, ஜன்னல், அலமாரி, மேசை என அது இறக்கிவிட்டுப் போன சொற்களையும் அறிவோம். அக்கப்பல் புறப்பட்ட நாட்டின் உட்பகுதியில், கருங்கல் மலைகளுக்கிடையே ஆடு மேய்த்தும் கம்பு போன்ற புன்செய்த் தானியம் விளைவித்தும் வாழ்ந்த குடியானவரை அறிய முயன்றதில்லை. அவர்களைப் பற்றி அந்நாட்டு அரசு சொன்ன கதையும் அவர்களுக்கு அவ்வரசு செய்ததும் ஒன்றுக்கொன்று எவ்வாறு முரண்பட்டன என்பதை இருபதாம் நூற்றாண்டின் இரண்டு ஊர்களைக் கொண்டு பார்க்கலாம். நாட்டார் வழக்காற்றியல் பயில்வோர்க்கு இவ்விரு ஊர்களும் தெரிந்திருக்க வேண்டியவை என்பது என் எண்ணம்.

1928இல் நிதியமைச்சராகி 1932இல் தலைமையமைச்சரான சலாசார், கொய்ம்ப்ரா பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர், சிற்றூரில் பிறந்தவர். 1933ஆம் ஆண்டு அரசியலமைப்பின் வழி நிலைபெற்ற அவரது ‘எஸ்தாதோ நோவோ’ (புதிய அரசு), உழைப்பும் பணிவும் பக்தியும் உள்ள குடியானவனையே தேசத்தின் முன்மாதிரியாக நிறுத்தியது. அவ்வுருவத்தைத் தீட்டும் பணி தேசியப் பரப்புரைச் செயலகத்திற்கு ஒப்படைக்கப்பட்டது. அதன் தலைவர் அந்தோனியோ ஃபெரோ, இளமையில் நவீன இலக்கியக் குழுக்களோடு பழகிய பத்திரிகையாளர். நாட்டுப்புறக் கலைகளின் கண்காட்சியை 1935இல் ஜெனீவாவிலும் மறு ஆண்டு லிஸ்பனிலும் நடத்தியவர் அவர். நகரத்து நவீன ஓவியரின் கண்ணால் கிராமத்தைப் பார்த்து, அழகானதை மட்டும் பொறுக்கிச் சட்டமிட்டார் எனலாம். சிற்றூர்ப் போட்டியும் அவர் செயலகத்தின் ஏற்பாடே.

மொன்சாந்தோ உண்மையிலேயே கண்ணைக் கவரும் ஊர்தான். மலைச்சரிவெங்கும் பேருருண்டைப் பாறைகள். சில வீடுகளுக்குப் பாறையே கூரை, சிலவற்றிற்குப் பாறையே பின்சுவர். உச்சியில் பழைய கோட்டை. முற்றுகைக் காலத்தில் பசியால் வாடிய ஊரார், எஞ்சிய ஒரு கன்றுக்குக் கோதுமையூட்டி அதனைக் கோட்டையிலிருந்து கீழே எறிந்து, உணவு குறையவில்லை எனப் பகைவரை நம்பவைத்தனர் என்பது ஊர்க்கதை. மே மாதச் சிலுவைத் திருவிழாவில் கன்றுக்குப் பதிலாகப் பூ நிரப்பிய மண்பானையைக் கோட்டை மேலிருந்து எறிகின்றனர். சிலுவை வடிவக் குச்சியில் துணி சுற்றிச் செய்யப்படும் ‘மரஃபோனா’ என்னும் பொம்மைக்குக் கண்ணும் வாயும் காதும் கிடையாது. மகப்பேறு வேண்டி மணமக்களின் கட்டிலுக்கடியில் அது வைக்கப்படுவதுண்டு.

இவ்விழாவில் பெண்கள் முழக்குவது ‘அதுஃபெ’ என்னும் நாற்சதுரத் தோற்கருவி. அப்பெயர் ‘அல்-துஃப்’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. நம் நாட்டு இஸ்லாமியரிடையே வழங்கும் தஃப் என்பதும் அச்சொல்லே. அயற்செல்வாக்குக்கு இடங்கொடாத ஊர் என முடிசூட்டப்பட்ட ஊரின் அடையாள ஒலி, தீபகற்பத்தில் பல நூற்றாண்டுகள் நிலவிய இஸ்லாமியப் பண்பாட்டின் எச்சம்! தூய்மையைத் தேடிச் சென்றவர்கள் கலப்பின் முதிர்ந்த கனியைப் பறித்து வந்தார்கள். அது அவர்களை உறுத்தியதாகத் தெரியவில்லை.

வெள்ளிச் சேவலுக்குச் சில ஆண்டுகளுக்குப் பின், 1940களில், இளம் மருத்துவர் ஒருவர் மொன்சாந்தோவில் பணியாற்றினார். பெர்னாந்து நமோரா என்னும் அவர் பின்னர் புகழ்பெற்ற நாவலாசிரியரானார். 1949இல் வெளிவந்த அவரது மருத்துவ வாழ்க்கைக் கதைகளில், பரப்புரைப் படங்களில் காணக் கிடைக்காத கிராமம் இருக்கிறது: வறுமை, மூடநம்பிக்கை, மருத்துவனை நாடத் தயங்கும் நோயாளிகள். நாட்டின் மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் எழுத்தறியாதிருந்த காலம் அது. போட்டி அளவுகோலில் பள்ளிக்கூடமோ குடிநீரோ இடம்பெறவில்லை. இடம்பெற்றிருந்தால் ஊர் தோற்றிருக்கும்.

ஆனால் வறுமையை மறைத்தார்கள் என்பதோடு நின்றுவிட்டால் நாம் முக்கியமானதொன்றைத் தவறவிடுவோம். சேவல் வழங்கப்பட்ட அதே 1938ஆம் ஆண்டில்தான் காடுவளர்ப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. தேகு ஆற்றுக்கு வடக்கேயுள்ள மலைகளில் ஏறத்தாழ 4,20,000 ஹெக்டேர் ஊர்ப் பொதுநிலத்தை முப்பதாண்டுகளில் காடாக்குவது அதன் திட்டம். ‘பால்தியோ’ எனப்பட்ட அப்பொதுநிலங்கள் அரசின் கணக்கில் தரிசு. மலைவாழ் குடியானவர் கணக்கில் அவையே வாழ்வு. ஆடுமாடு மேய்ந்தது அங்கே. அடுப்புக்கு விறகும் தொழுவத்திற்குத் தழையும் வந்தது அங்கிருந்து. அத்தழை சாணத்தோடு மக்கி எருவாகிச் சிறு வயல்களுக்குச் சென்றது. பொதுநிலம் போனால் எரு போகும், மந்தை போகும், மந்தையைச் சுற்றியிருந்த பாட்டும் விழாவும் முறையும் போகும். அவ்விடத்தில் பைன் மரங்களும் வனக்காவலரும் வந்தனர். இதனை நாவலாக எழுதிய அக்கிலினோ ரிபைரோவின் நூல் 1958இல் வெளிவந்து, பறிமுதல் செய்யப்பட்டது. எழுபது வயதைக் கடந்த அவர்மீது வழக்கும் தொடரப்பட்டது. ஒரு கையால் மரபுக்குப் பரிசு. மறு கையால் மரபின் வேருக்கு வேலி.

அவ்வேர் எத்தகையது என்பதை அறிய வடமேற்கே செல்ல வேண்டும். நிலவியலாளர் ஒர்லாந்தோ ரிபைரோ தம் 1945ஆம் ஆண்டு நூலில் போர்ச்சுகலை மத்தியதரைக் கடலும் அட்லாண்டிக்கும் சந்திக்கும் நிலமாகக் கண்டார். தெற்கே ஒலிவமும் வறட்சியும் பெரும்பண்ணையும். வடமேற்கே மழையும் பசுமையும் துண்டு நிலமும். அம்மழைநாட்டின் மலைப்புறத்தில், ரோமானியர் காலத்துச் சாலையின் மைல்கற்கள் இன்றும் நிற்கும் ஓமெம் ஆற்றங்கரையில், விலரிஞ்யோ ட ஃபுர்னா என்ற சிற்றூர் இருந்தது.

அவ்வூரைப் பற்றி ஜோர்ஜ் தியாஸ் 1944இல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்திற்கு ஆய்ந்தார். 1948இல் அது நூலாயிற்று. போர்த்துகீசிய மானிடவியலின் தொடக்க நூல்களுள் அது தலையாயது. ஊரின் ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒருவர் சேர்ந்தது ‘ஜுந்தா’ என்னும் ஊரவை. அதன் தலைவர் ‘செலதோர்’ ஆறு மாதத்திற்கு ஒருமுறை மாறுவார். அவருக்குத் துணையாக அறுவர் குழு. கொம்பூதி அழைத்ததும் வியாழக்கிழமைகளில் அவை கூடும், வராதவருக்குத் தண்டம். பாதை செப்பனிடுதல், பாசன நீர்ப் பங்கீடு, மேய்ச்சல் ஆகியவை அங்கே முடிவாகும். மந்தை மேய்ப்பதற்கு ‘வெஸைரா’ என்று பெயர். ‘வெஸ்’ என்றால் முறை. ஊர் மாடுகள் அனைத்தையும் இன்று இவர் வீடு, நாளை அவர் வீடு என முறைவைத்து மலைக்கு ஓட்டிச் செல்வார்கள். முறைத்தண்ணீர் பாய்ச்சிய நம் ஊர்களுக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை.

இதனைப் பொன்னுலகமாக எண்ணிவிடவும் கூடாது. அவையின் கடுந்தண்டனை ஊர்விலக்கு. அது எத்தகைய கொடுமை என்பதும் நமக்கு விளக்க வேண்டாதது. தியாஸ் கூட்டுவாழ்வின் சமத்துவத்தைச் சற்றே கூடுதலாகக் கண்டார் என்ற திறனாய்வும் உண்டு. பிரயன் ஓ’நீல் 1984இல் வெளியிட்ட மலையூர் ஆய்வு, அத்தகைய ஊர்களிலும் நிலமுடையோர், உழவர், நிலமற்ற கூலிப்பெண்கள் என்ற படிநிலை எவ்வளவு ஆழமாக ஓடியது என்பதைத் திருச்சபைப் பதிவேடுகளைக் கொண்டு நிறுவியது. இருப்பினும், குறையுடையதாயினும், விலரிஞ்யோவில் இருந்தது ஒரு தன்னாட்சி. மொன்சாந்தோவில் நடுவர்கள் பார்த்தது உடையும் பறையும் பாறையும். தியாஸ் பார்த்ததோ கூடிப் பேசி முடிவெடுக்கும் மக்களை. தேர்தலை வெறும் சடங்காக்கிவிட்ட அரசுக்கு எவ்வகை மரபு உகந்தது என்பதில் ஐயமில்லை.

1950களிலிருந்தே நீர்மின் அணைகள் வடபகுதி ஆறுகளில் எழுந்தன. ஓமெம் ஆற்றின் அணைக்காக 1971இல் விலரிஞ்யோவின் இறுதிக் குடும்பங்கள் வெளியேறின. மறு ஆண்டு அணை திறக்கப்பட்டது. கொடுக்கப்பட்ட இழப்பீடு மிகக் குறைவு என்ற மனக்குறை அவர்களிடம் நீண்டகாலம் தங்கியது. கதவு, உத்தரம், ஓடு எனப் பெயர்க்க முடிந்ததைப் பெயர்த்துச் சென்றனர். அந்தோனியோ கம்போஸ் என்னும் திரைப்படக் கலைஞர் ஊரின் கடைசிக் காலத்தைப் படமாக்கினார். ஓர் ஊரின் அவையைப் பற்றி உலகறிந்த நூல் இருந்தும், அவ்வூரைக் காப்பாற்ற அந்நூல் உதவவில்லை.

இங்கே ஆய்வாளரின் நிலையையும் கேட்டாக வேண்டும். தியாஸ் 1950களின் பிற்பகுதியில் மொசாம்பிக்கின் மகொண்டே மக்களை ஆய்ந்து பெருநூல் எழுதினார். அதே பயணங்களிலிருந்து, அம்மக்களின் அரசியல் மனநிலை குறித்து இரகசிய அறிக்கைகளும் லிஸ்பனுக்குச் சென்றன. நாட்டார் மரபைப் போற்றிய பேனாவே ஆட்சிக்கு ஒற்றும் எழுதியது. ஆனால் இரகசிய அறிக்கை எப்போதும் ஆட்சிக்கு இனிப்பதாக இருக்கவில்லை. ஒர்லாந்தோ ரிபைரோ கோவாவுக்கு வந்து ஆய்ந்து, 1956இல் அரசுக்கு அறிக்கை அளித்தார். தாம் கண்ட போர்த்துகீசிய ஆட்சிப்பகுதிகளிலேயே மிகக் குறைவாகப் போர்த்துகீசியத் தன்மை கொண்டது கோவாதான் என்பது அதன் சாரம். மிகவும் போர்த்துகீசியமான ஊருக்குச் சேவல் அளித்த அரசு, மிகக் குறைவாகப் போர்த்துகீசியமான நிலத்தைப் பற்றிய இவ்வுண்மையைப் பெட்டியில் பூட்டிவைத்தது. அறிக்கை நூலாக வெளிவந்தது 1999இல். கோவாவைப் பற்றி ஆய்வோர் அதனைத் தவறாமல் வாசிக்க வேண்டும்.

வேறு வகையில் இயங்கியவரும் இருந்தார். கார்சிகாத் தீவில் பிறந்த மிஷேல் ஜியாகொமெத்தி 1959இல் போர்ச்சுகல் வந்தார். அரசு வளர்த்த சீருடை நடனக் குழுக்களை விட்டுவிட்டு ஒலிப்பதிவுக் கருவியோடு வயலுக்கும் களத்துக்கும் சென்றார். இசையமைப்பாளர் பெர்னாந்து லோப்பஸ்-கிராசா, கம்யூனிஸ்டாக இருந்ததற்காகச் சிறையும் கற்பிக்கத் தடையும் கண்டவர், அவருடன் இணைந்தார். 1960 முதல் 1970 வரை வட்டார வாரியாக ஐந்து இசைத்தட்டுகள், சாக்குத்துணி உறையிட்டு வெளிவந்தன. உழும்போதும் போரடிக்கும்போதும் குழந்தையைத் தூங்கவைக்கும்போதும் பாடப்பட்டவை அவற்றில் உள்ளன. கரகரப்பும் மூச்சிரைப்பும் நீக்கப்படவில்லை. 1974 புரட்சிக்குப் பின், 1975இல், அவர் வழிகாட்ட மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று உழவுக் கருவிகளைச் சேகரித்தனர். செத்துபல் நகரில் அவர் பெயர் தாங்கிய உழைப்பு அருங்காட்சியகத்தின் அடிப்படை அச்சேகரிப்பே. 1990இல் இறந்த அவர், தம் விருப்பப்படி அலெந்தெஜோவின் பெரோகுவார்தா ஊரில் புதைக்கப்பட்டார். 1938 போட்டியில் சேவலை வெல்லாத ஊர்களுள் அதுவும் ஒன்று.

பறிக்கப்பட்ட பொதுநிலங்களை ஊராரிடமே திருப்பித் தரும் சட்டம் 1976 சனவரியில் வந்தது. ஆனால் அதற்குள் மலையூர்கள் பாதி காலியாகியிருந்தன. 1960க்கும் புரட்சிக்கும் இடைப்பட்ட காலத்தில் நாட்டை விட்டுச் சென்றோர் பத்து இலட்சத்துக்கும் அதிகம். நிலம் திரும்பியது, முறைவைத்து மேய்க்க ஆளில்லை.

விலரிஞ்யோவின் முன்னாள் குடிகள் 1985இல் ஒரு சங்கம் அமைத்தனர். பக்கத்து ஊரில் 1989இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தின் சுவர்கள், மூழ்கிய வீடுகளிலிருந்து எடுத்துவரப்பட்ட கற்களால் ஆனவை. கோடையில் நீர்மட்டம் வெகுவாகத் தாழும் ஆண்டுகளில், கூரையற்ற சுவர்களும் வாசல்களும் ஒடுங்கிய தெருவும் சேற்றுக்கு மேலே தெரிகின்றன. பயணிகள் படமெடுக்க வருகின்றனர். முன்பு அங்கே வாழ்ந்தவர்களோ, தத்தம் வீடு எது என்று பிள்ளைகளுக்குக் காட்ட வருகின்றனர்.