இந்தியாவில் நிகழ்பட ஆட்டப் போன்மிகளும் திருட்டுப் படிகளும்

நிகழ்பட ஆட்டப் போன்மி என்பது ஓர் ஆட்டக் கருவியின் வன்பொருள் செய்யும் வேலையை வேறொரு கணினியில் மென்பொருளாகச் செய்துகாட்டும் நிரல் ஆகும். பேச்சு வழக்கில் இது எமுலேட்டர் எனப்படும். போன்மி தனித்து இயங்கினாலும் அதில் விளையாடுவதற்கு ஆட்டத்தின் தரவு தேவை. ஆட்டப் பேழையிலோ மின்சுற்றுப் பலகையிலோ உள்ள நினைவகச் சில்லுகளிலிருந்து படித்தெடுக்கப்படும் இத்தரவு ரோம் கோப்பு என அழைக்கப்படுகிறது. போன்மியை எழுதுவது பல நாடுகளில் சட்டத்துக்கு உட்பட்ட செயலாகவே கருதப்படுகிறது. உரிமையாளரின் இசைவின்றி ரோம் கோப்பைப் பரப்புவதோ பதிப்புரிமை மீறல் ஆகும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே இப்பொருள் பற்றிய பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம்.

இந்தியாவில் இச்சிக்கலுக்குத் தனியான ஒரு முகம் உண்டு. மேலை நாடுகளில் ஒருவர் தாம் சிறுவயதில் வாங்கி விளையாடிய ஆட்டத்தைப் போன்மி வழியாக மீண்டும் தேடுகிறார். இந்தியாவிலோ அவ்வாட்டம் முறையாக விற்பனைக்கே வராமல் இருந்திருக்கலாம். அல்லது அவர் அன்று விளையாடியதே திருட்டுப் படியாக இருந்திருக்கலாம்.

பின்னணி

1990களில் இந்தியாவில் வெளிநாட்டு ஆட்டக் கருவிகள் எளிதில் கிடைக்கவில்லை. இறக்குமதித் தீர்வை மிகுதியாக இருந்தது. ஜப்பானின் சேகா நிறுவனம் 80 விழுக்காட்டு இறக்குமதித் தீர்வையைத் தவிர்க்கும் பொருட்டு ஷா வாலஸ் நிறுவனத்துடன் விநியோக உடன்பாடு செய்துகொண்டு 1995இல் மெகா டிரைவ் கருவியை இந்தியாவில் வெளியிட்டது. அப்பொழுதும் அதன் விலை 18,000 ரூபாய். அன்றைய நடுத்தரக் குடும்பத்துக்கு இது எட்டாத தொகை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த இடைவெளியை நிரப்பியவை நிண்டெண்டோவின் 8 பிட் கருவியைப் பின்பற்றிச் செய்யப்பட்ட மலிவான நகல் கருவிகள். அவற்றோடு வந்த ஆட்டப் பேழைகள் தமிழ்நாட்டில் கேசட் என்றே அழைக்கப்பட்டன. ஒரே பேழையில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாக அட்டையில் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே சில ஆட்டங்களே பெயரும் தொடக்க நிலையும் மாற்றப்பட்டுத் திரும்பத் திரும்ப வரும். சூப்பர் மாரியோ, கான்ட்ரா முதலிய ஆட்டங்களை ஒரு தலைமுறை அறிந்தது இவ்வழியேதான். வாங்கியவர்களுள் பலருக்கு அது நகல் என்பதே தெரியாது. கடைக்காரர் காட்டிய பெட்டியைப் பணம் கொடுத்து வாங்கினர்; உரிமம் பெற்ற பொருள் பக்கத்துக் கடையிலும் இல்லை.

வன்பொருளுக்கும் ஆட்டத்துக்கும் சட்டத்தில் வேறுபாடு உண்டு. கருவியின் நுட்பத்துக்கான காப்புரிமம் 20 ஆண்டுகளில் முடிந்துவிடும். எனவே பழைய கருவியைப் போன்ற ஒன்றை இன்று செய்வது பெரும்பாலும் குற்றமாகாது. பேழையில் உள்ள ஆட்டத்தின் பதிப்புரிமை அவ்வளவு விரைவில் முடிவதில்லை.

சென்னைச் சந்தைகள்

சென்னைக் கடற்கரை தொடருந்து நிலையத்தை ஒட்டிய பர்மா பஜார், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் மறுவாழ்வுக்காக 1969இல் உருவானது. வெளிநாட்டு மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற இச்சந்தை பின்னர்த் திருட்டுக் குறுவட்டுகளுக்கும் பெயர்பெற்றது. அண்ணா சாலைக்கு அருகிலுள்ள ரிச்சி தெரு கணினி உதிரிப் பொருள்களின் சந்தை. புறநகர்த் தொடருந்து வசதியால் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் வாழ்வோருக்கும் இவ்விரு சந்தைகளும் எட்டும் தொலைவிலேயே உள்ளன. அமெரிக்க வணிகப் பிரதிநிதி அலுவலகம் 2011இல் வெளியிட்ட, திருட்டுப் படிகளுக்குப் பெயர்போன சந்தைகள் பற்றிய அறிக்கையில் ரிச்சி தெருவின் பெயர் இடம்பெற்றது.

பிளேஸ்டேஷன் 2 கருவியின் காலத்தில், திருட்டு வட்டுகளை ஏற்கும்படி கருவியினுள் கூடுதல் சில்லு ஒன்றைப் பற்றவைத்துத் தரும் பணி இத்தகைய சந்தைகளில் ஒரு தொழிலாகவே இருந்தது. மணிக்கணக்கில் கட்டணம் பெற்று விளையாட விடும் சிற்றூர்க் கடைகள் பலவும் இவ்வட்டுகளையே நம்பியிருந்தன. சோனி நிறுவனம் விலைகுறைந்த உள்நாட்டு ஆட்டங்களை வெளியிட்டுப் பார்த்தது. ஐதராபாத்தில் உருவாக்கப்பட்ட அனுமான்: பாய் வாரியர் (2009) அவற்றுள் ஒன்று.

முஸ்தபா ஆட்டம்

போன்மி பற்றிய அறவியல் விவாதத்துக்கு இந்தியச் சூழலில் மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு, கேப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்ட கேடிலாக்சு அண்ட் டைனோசார்சு என்னும் ஆட்டம் ஆகும். நாணயம் இட்டு விளையாடும் கூடங்களுக்காக ஆக்கப்பட்ட இது, அதில் வரும் முஸ்தபா கெய்ரோ என்னும் பாத்திரத்தின் பெயரால் தமிழ்நாட்டிலும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் முஸ்தபா என்றே அறியப்படுகிறது. மூலப் பெயரைச் சொன்னால் பலருக்கு விளங்காது.

இவ்வாட்டம் அமெரிக்க ஓவியர் மார்க் சுல்ட்சின் செனோசோயிக் டேல்ஸ் என்னும் படக்கதையைத் தழுவியது. தலைப்பிலோ கேடிலாக் என்னும் மகிழுந்து வணிகப்பெயர் உள்ளது. ஆகவே கேப்காம் தானாக இதை மறுபடி வெளியிட இயலாது. பிற உரிமையாளர்களின் இசைவும் தேவை. வெளியான காலத்தில் இது வீட்டுக் கருவி எதற்கும் மாற்றித் தரப்படவில்லை. கேப்காம் 2018இல் தன் பழைய சண்டை ஆட்டங்கள் ஏழினைத் தொகுத்து வெளியிட்டபோதும் இது அதில் இல்லை.

இதன் மூலப் பலகையில் வேறொரு சிக்கலும் உள்ளது. படியெடுப்பதைத் தடுக்கும் பொருட்டு, காபுகி எனப்படும் செயலிச் சில்லில் மறைவிலக்கச் சாவி வைக்கப்பட்டு, அச்சாவி ஒரு சிறு மின்கலத்தின் உதவியால் காக்கப்பட்டது. மின்கலம் தீர்ந்தால் சாவி அழியும். பலகை முறையாக இயங்காது. ஆர்வலர்கள் இதைத் தற்கொலை மின்கலம் என அழைக்கின்றனர். பணம் கொடுத்து உரிமம் பெற்ற பலகையை வாங்கிய கூட உரிமையாளரின் பொருளே இவ்வாறு கெட்டுப்போனது. அதே ஆட்டத்தின் திருட்டுப் பலகைகளுள் சில வேறு ஒலி அமைப்பைக் கொண்டிருந்தமையால் அவற்றுக்கு இந்தச் சாவும் இல்லை. நேர்மையாக வாங்கியவருக்குக் கிடைத்ததைவிட நீடித்த பொருள் திருடியவருக்குக் கிடைத்தது என்பது இதில் உள்ள முரண்.

மறைகுறி நீக்கிய நிரலை ஏற்றி மூலப் பலகைகளை உயிர்ப்பிக்கும் முறையை ஆர்வலர்கள் பின்னர்க் கண்டறிந்தனர். மேம் என்னும் போன்மித் திட்டம் இவ்வகைப் பலகைகளின் அமைப்பை ஆராய்ந்து பதிவு செய்துள்ளது. திருட்டுப் பலகைகளையும் தனித்தனியே பட்டியலிட்டுள்ளது. 1997இல் நிக்கோலா சல்மோரியா தொடங்கிய இத்திட்டம் 2016இல் திறந்த மூலநிரல் மென்பொருளாயிற்று. அழியும் வன்பொருளை ஆவணப்படுத்துவதே தன் நோக்கம் என அது கூறுகிறது. ஆயினும் இந்தியக் கணினிகளில் முஸ்தபாவை விளையாடியோருள் பெரும்பாலோர் ரோம் கோப்பை இணையத்திலிருந்தோ நண்பர் தந்த குறுவட்டிலிருந்தோ பெற்றவர்களே. ஆவணப்படுத்தல் என்னும் சொல் அவர்களுக்குப் பொருந்தாது. அவர்கள் வாங்கியிருக்கக்கூடிய கடை ஒன்று இருந்ததா என்று கேட்டால், இல்லை என்பதே விடை.

எமுபாரடைஸ்

2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட எமுபாரடைஸ், ரோம் கோப்புகளை வழங்கிய இணையத்தளங்களுள் நெடுங்காலம் நிலைத்த ஒன்று. இந்தியாவில் வளர்ந்த தமக்கு இவ்வாட்டங்களுள் பலவற்றை விளையாடும் வாய்ப்புக் கிட்டவில்லை என்றும், மற்றவர்களுக்கு அது கிட்ட வேண்டும் என்றே தளத்தைத் தொடங்கியதாகவும் அதன் நிறுவனர் எழுதியுள்ளார்.

2018 சூலையில் நிண்டெண்டோ நிறுவனம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், வேறு இரு ரோம் தளங்களை நடத்தியவர்கள் மீது வழக்குத் தொடுத்தது. அடுத்த மாதமே எமுபாரடைஸ் ஆட்டக் கோப்புகளை வழங்குவதை நிறுத்திக்கொண்டது. தம்மையும் உடன் பணிபுரிவோரையும் சட்ட இடருக்கு உள்ளாக்க விரும்பவில்லை என நிறுவனர் அறிவித்தார். போர்முனையிலுள்ள படைவீரர்களும், புற்றுநோயால் உடன்பிறந்தோரை இழந்து, அவர்களோடு விளையாடிய ஆட்டங்களில் ஆறுதல் தேடியோரும் தளத்துக்கு மடல் எழுதியதை அவ்வறிவிப்பு நினைவுகூர்ந்தது. அரிசோனா வழக்கு அவ்வாண்டின் இறுதியில் ஏறத்தாழ 12 மில்லியன் டாலர் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது.

இம்மடல்கள் மனத்தைத் தொடுபவை. எனினும் அவை ஒரு வினாவைத் தீர்ப்பதில்லை: எங்கும் கிடைக்காத ஆட்டங்களோடு, உரிமையாளர் அப்பொழுதும் விற்றுக்கொண்டிருந்த ஆட்டங்களும் அதே தளத்தில் இலவசமாகக் கிடைத்தன. முன்னதற்குச் சொல்லும் நியாயத்தைப் பின்னதற்கும் நீட்டியதே இத்தகைய தளங்களின் வலுவற்ற பகுதி.

சட்ட நிலை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 கணினி நிரல்களைப் பாதுகாக்கிறது. அதன் 52ஆம் பிரிவில் சில விலக்குகள் உள்ளன. நிரலின் படியை முறையாக வைத்திருப்பவர், இழப்பு அல்லது சேதத்துக்கு எதிரான காப்பாக மறுபடி எடுத்துக்கொள்ளலாம். 1999ஆம் ஆண்டுத் திருத்தம் மேலும் மூன்று வாய்ப்புகளைச் சேர்த்தது: வேறொரு நிரலோடு இணைந்து இயங்கச் செய்வதற்கு இன்றியமையாத தகவலை, அது வேறு வழியில் எளிதில் கிடைக்காதபோது ஆராய்ந்து பெறலாம், நிரலின் செயற்பாட்டைக் கவனித்தும் சோதித்தும் அறியலாம், தாம் சட்டப்படி பெற்ற படியிலிருந்து வணிக நோக்கற்ற சொந்தப் பயன்பாட்டுக்குப் படியெடுக்கலாம். போன்மி எழுதுவோருக்கும், சொந்தப் பேழையிலிருந்து ரோம் கோப்பு எடுப்போருக்கும் இவை ஓரளவு இடமளிக்கின்றன. இணையத்திலிருந்து பதிவிறக்குவோருக்கு இவ்விலக்கு பொருந்தாது. அதே ஆட்டத்தின் பேழை வீட்டில் இருந்தாலும் பதிவிறக்கிய படி அப்பேழையிலிருந்து எடுத்தது அன்று.

2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு நுட்பப் பூட்டுகளை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. ஆனால் பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு செய்தால் மட்டுமே அது பொருந்தும். அமெரிக்கச் சட்டத்தோடு ஒப்பிடுகையில் இது மென்மையானது. மாறாக 63பி பிரிவு கடுமையானது: திருட்டுப் படி என அறிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

தமிழ்நாட்டில் 2004இல் குண்டர் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு, திருட்டு விசிடி தொழிலில் ஈடுபடுவோரையும் ஓராண்டு வரை காவலில் வைக்க வழி செய்யப்பட்டது. அத்திருத்தம் திரைப்படங்களையும் அவற்றின் ஒலிப்பதிவையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. ஒரே கடையில் தொங்கிய திரைப்பட வட்டுக்கும் ஆட்ட வட்டுக்கும் அரசு காட்டிய அக்கறை ஒன்றாக இருக்கவில்லை.

அமெரிக்க நீதிமன்றங்கள் போன்மி குறித்து வழங்கிய தீர்ப்புகள் இந்தியாவைக் கட்டுப்படுத்தாவிடினும் விவாதத்தில் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன. பிளேஸ்டேஷன் போன்மியை விற்ற கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது சோனி தொடுத்த வழக்கில், ஆய்வுக்காக பயாஸ் நிரலைப் படியெடுத்தது நியாயமான பயன்பாடே என 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிளீம் என்னும் மற்றொரு நிறுவனமும் சோனிக்கு எதிராகச் சாதகமான தீர்ப்பைப் பெற்றது. ஆனால் வழக்குச் செலவைத் தாங்காமல் 2001இல் மூடப்பட்டது. 2024இல் யூசு போன்மியை உருவாக்கியவர்கள் நிண்டெண்டோவுக்கு 2.4 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டு திட்டத்தைக் கைவிட்டனர். அப்போன்மி இலக்கு வைத்தது அன்று கடைகளில் விற்பனையிலிருந்த சுவிட்ச் கருவியை என்பது கருதத்தக்கது.

அறவியல் வாதங்கள்

ஆதரவாளர்களின் வலுவான வாதம் பாதுகாப்பு பற்றியது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான ஆட்டங்களுள் 87 விழுக்காடு இன்று வணிக முறையில் கிடைப்பதில்லை என நிகழ்பட ஆட்ட வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நிண்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான இணையக் கடைகளை 2023 மார்ச்சில் மூடியது. நிறுவனங்களே போன்மிகளைப் பயன்படுத்துவதும் உண்டு. சோனி 2018இல் வெளியிட்ட பிளேஸ்டேஷன் கிளாசிக் கருவியில் ஆர்வலர்கள் உருவாக்கிய திறந்த மூலநிரல் போன்மியே இயங்கியது.

எதிர்வாதம் படைப்பாளரின் வாழ்வு பற்றியது. பெருநிறுவனத்தின் முப்பது ஆண்டுப் பழைய ஆட்டத்தை எடுப்பதும், சிறு குழுவின் புதிய ஆட்டத்தை எடுப்பதும் பதிவிறக்குபவரின் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தையும் அதன் சமையலையும் பொருளாகக் கொண்ட வெண்பா என்னும் ஆட்டத்தை டொராண்டோவின் விசை கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2023இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டு அது முதல் படைப்புக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. தமிழ் வாழ்வைச் சொல்லும் ஆட்டங்கள் மிக அரிதாகவே வருகின்றன. அத்தகைய குழுவுக்கு ஒவ்வொரு விற்பனையும் அடுத்த ஆட்டத்துக்கான முதல். விலை எட்டாது, கடை இல்லை என்னும் 1990களின் காரணங்கள் இங்கே செல்லுபடியாகா.

தமிழ்ச் சூழலில் இவ்விரு பக்கங்களுக்கும் முன்மாதிரிகள் உண்டு. ஏடுகளைப் படியெடுத்தோர் இல்லையெனில் சங்க நூல்கள் எஞ்சியிரா. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமோ பதிப்புரிமைத் தடையற்ற நூல்களையே மின்பதிப்பாக்கும் நெறியைக் கொண்டது. பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949இல் அரசு பெற்றுப் பின்னர்ப் பொதுவாக்கியது முதல், உரிமையாளருக்குத் தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்கும் வழக்கமும் தமிழ்நாட்டில் இருந்து வருகிறது. நிகழ்பட ஆட்டங்களுக்கு இத்தகைய ஏற்பாடு எந்த நாட்டிலும் பெரிதாக முயலப்படவில்லை. முஸ்தபாவைப் போல உரிமை பலரிடம் சிதறிக்கிடக்கும் ஆட்டங்களில் யாருக்குத் தொகை தருவது என்பதே முதல் தடையாக இருக்கும். திரைப்பட வகையில் வைத்து எண்ணினால், அவ்வாட்டத்தின் பதிப்புரிமை இந்தியாவில் 2053ஆம் ஆண்டின் இறுதி வரை நீடிக்கும்.