காரில் சூடு வந்த கதை



போன ஜனவரியில் ஓர் இரவு ஒட்டாவாவிலிருந்து மாப்பிள்ளை அழைத்தார். "மாமா, கார்ல ஹீட்டர் வேலை செய்யல. ஃபேன் ஓடுது, ஆனா காத்து ஜில்லுன்னுதான் வருது. முன் கண்ணாடி பூரா பனி மூடிக்குது. பாப்பாவை வச்சு ஓட்டவே பயமா இருக்கு" என்றார். வெளியே மைனஸ் 20 டிகிரி. வாரண்டி முடிந்த மின்சாரக் கார். ஹீட்டரையே மொத்தமாக மாற்ற வேண்டும் என்று ஒரு பணிமனையில் பெரிய தொகை சொல்லியிருந்தார்கள்.

நம் ஊரில் காரில் ஏசி ஓடாவிட்டால்தான் கவலை. ஹீட்டரை யார் நினைக்கிறோம்? ஆனால் அந்தக் கோளாறைப் புரிந்துகொள்ள கொஞ்சம் வரலாறு தெரிய வேண்டியிருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடக்ககாலக் கார்களில் பல திறந்த வண்டிகள். குளிர்காலத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, கரித்தணல் போட்ட பெட்டியில் காலை வைத்துக்கொண்டுதான் பயணம். 1900 வாக்கில் அமெரிக்காவில் ஓடிய கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று மின்சாரக் கார் என்றால் நம்புவீர்களா? பெட்ரோல் காரைக் கையால் சுழற்றிக் கிளப்ப வேண்டியிருந்தது. 1912-இல் கேடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அந்தத் தொல்லை போனதும் பெட்ரோல் கார் முந்திக்கொண்டது.

பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு. எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலே அதிகம். மீதியில் பெரும்பகுதி சூடாக வீணாகிறது. அந்த வீண் சூட்டைத்தான் மனிதன் பயன்படுத்திக்கொண்டான். ஃபோர்டின் மாடல் ஏ காரில் புகை வெளியேறும் சூடான குழாயை ஒட்டிக் காற்றை விட்டு, அதை உள்ளே அனுப்பினார்கள். குழாயில் ஓட்டை விழுந்தால் கார்பன் மோனாக்சைடும் உள்ளே வந்துவிடும் ஆபத்து அதில் இருந்தது. பிறகு எஞ்சினைக் குளிர்விக்கும் வெந்நீரை ஒரு சிறு ரேடியேட்டருக்குள் ஓடவிட்டு, அதன்மேல் காற்றை ஊதும் முறை பரவியது. 1938-இல் நாஷ் நிறுவனம் வெளிக்காற்றை வடிகட்டிச் சூடாக்கி உள்ளே தரும் ஓர் அமைப்பைக் கொண்டுவந்தது. இன்றைய பெட்ரோல் கார் ஹீட்டருக்கும் அடிப்படை அதுவே. சூடு இலவசம்!

மின்சாரக் கார் திரும்பி வந்தபோது இந்த இலவசம் நின்றுபோனது. மின்மோட்டார் பெறும் ஆற்றலில் பெரும்பகுதியை இயக்கமாக மாற்றிவிடுகிறது. வீணாக்காத இடத்தில் மிச்சம் எங்கே கிடைக்கும்? எனவே சூட்டைத் தனியாகத் தயாரிக்க வேண்டியதாயிற்று.

அதற்கு ஒரு வழி, நான் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிய ஜூல் விதி. மின்னோட்டத்தின் வர்க்கம், மின்தடை, நேரம் மூன்றையும் பெருக்கினால் வெப்பம். 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் காரில் மின்சாரத்தால் நீரைச் சூடாக்கி, அந்த நீரால் காற்றைச் சூடாக்கினார்கள். இத்தகைய ஹீட்டர்கள் பலவற்றில் பேரியம் டைட்டனேட் என்ற பீங்கான் வகைப் பொருள் இருக்கிறது. குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டினால் அதன் மின்தடை திடீரென ஏறி, மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆனால் தொடக்கத்தில் 5 கிலோவாட் வரை இழுக்கும். நாலைந்து இஸ்திரிப் பெட்டிகளை ஒன்றாகப் போட்டது போல! குளிர்காலத்தில் மின்சாரக் கார் ஓடும் தூரம் குறைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு வழி, குளிர்பதனப் பெட்டியைத் திருப்பி வைத்தது போன்றது. வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்ச வெப்பத்தையும் இழுத்து உள்ளே தரும் 'ஹீட் பம்ப்'. கெல்வின் பிரபு 1852-லேயே இந்த யோசனையைச் சொன்னார். 1996-இல் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் இ.வி.1 காரில் அது இருந்தது. 2013 லீஃப் காரின் உயர்ரக மாடல்களிலும் வந்தது. மின்சாரம் மிச்சமாகும், ஆனால் வால்வுகளும் மென்பொருளும் கூடிவிட்டன. 2022-இல் டெஸ்லா அமெரிக்காவில் 26,681 கார்களைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. மென்பொருள் பிழையால் ஒரு வால்வு தவறாகத் திறந்து, முன் கண்ணாடியின் பனியை அகற்ற முடியாமல் போகலாம் என்பது காரணம். ஸ்பேனரைத் தொடாமல், இணையம் வழியே மென்பொருளை அனுப்பியே சரிசெய்தார்கள்.

இனி மாப்பிள்ளை கார். அதுவும் நீரைச் சூடாக்கும் வகைதான். "சூடு உண்டாகவே இல்லையா, உண்டாகியும் வந்து சேரவில்லையா? அதை முதலில் பாருங்க மாப்பிள்ளை" என்றேன். வேறொரு மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். ஹீட்டரின் வெப்பநிலை சட்டென்று ஏறுகிறது, உடனே அணைகிறது, மறுபடி ஏறுகிறது. அங்கிருந்து காருக்குள் போகும் குழாயோ சில்லென்று கிடக்கிறது. ஹீட்டர் நன்றாகவே இருந்தது, நீர்தான் ஓடவில்லை! நீர் மட்டம் சரி, ஃபியூஸ் சரி. நீரைத் தள்ளும் சின்ன 12 வோல்ட் பம்ப் செத்துக் கிடந்தது. அதை மாற்றி, குழாயில் இருந்த காற்றை வெளியேற்றியதும் சூடு வந்துவிட்டது. முதலில் சொன்ன தொகையில் சிறு பகுதிதான் செலவு. மறுநாள் பேத்தி பள்ளிக்குப் போனாள்.

ஓர் எச்சரிக்கை. மின்சாரக் காரில் ஆரஞ்சு நிற வயர் கண்ணில் பட்டால் தொடாதீர்கள். அதில் ஓடுவது உயிரைப் பறிக்கும் உயர் மின்னழுத்தம். பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே கைவைக்க வேண்டும்.

வகுப்பில் கணக்கு தப்பினால் விடையை அழிக்காதே, எந்த வரியில் தப்பியது என்று பார் என்பேனே, நினைவிருக்கிறதா? காருக்கும் அதுதான். குளிர் நாடுகளில் இருக்கும் பிள்ளைகள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்