பொந்தியானாக் யார்?

போன வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவும்போது, தொண்டுக்கு வந்த பிள்ளைங்க பொந்தியானாக் கதை பேசிச் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. வாழை மரம், வெள்ளை உடை, நீள முடி, கழுத்துல ஆணி. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்தப்புறம் மனசு சரியில்லை.

நம்மில் பலருக்கு இந்தப் பேய் சினிமா வழியாத்தான் தெரியும். 1957-ல் சிங்கப்பூரில் கேத்தே கெரிஸ் எடுத்த 'பொந்தியானாக்'. நடிச்சது மரியா மெனாடோ, இயக்கியவர் நம்ம இந்தியாவிலிருந்து வந்த பி.என்.ராவ். அதில் புருஷனைப் பாம்பு கடிக்கும். அவள் விஷத்தை உறிஞ்சுவாள், ரத்தம் வாயில் பட்டதும் பேயாகிடுவாள்.

பழைய மலாய் நம்பிக்கை வேற. சிலாங்கூரில் வேலை பார்த்த ஸ்கீட் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1900-ல் வெளியிட்ட 'மலாய் மேஜிக்' புத்தகத்தில் இதை எழுதி வச்சிருக்கார். பிரசவத்தில் செத்த தாய்க்கு லங்சுயர்னு பேர். செத்தே பிறந்த குழந்தைதான் பொந்தியானாக்! பின்னாடி சனங்க வாயில் தாய்க்கே அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. அவள் பேயாகாமல் இருக்க, பிணத்தின் வாயில் கண்ணாடி மணி போடுவாங்களாம், அலறக்கூடாதுன்னு. இரண்டு அக்குளிலும் கோழி முட்டை, கையைச் சிறகு மாதிரி அடிச்சுப் பறக்கக்கூடாதுன்னு. உள்ளங்கையில் ஊசி. மீறிப் பேயானவளைப் பிடிச்சு நகத்தையும் முடியையும் வெட்டி, கழுத்து ஓட்டையில் அடைச்சா சாதாரணப் பொம்பளை மாதிரி குடும்பம் நடத்துவாளாம். ஊர் விசேஷத்தில் ஆட விட்டா மட்டும் பறந்து போயிடுவாளாம்.

படிச்சப்போ எனக்குத் தோணினது, அந்தக் காலத்தில் இந்தச் சாவு எவ்வளவு சகஜம்னுதான். 1950-ல் கூட மலாயாவில் 1 லட்சம் குழந்தை பிறந்தா 500-க்கு மேல தாய்மார் செத்திருக்காங்க. பயிற்சி பெற்ற மருத்துவச்சி, கிராம கிளினிக், ரத்த வங்கி எல்லாம் வந்தப்புறம்தான் குறைஞ்சது.

தமிழ்நாட்டிலும் இதே பயம் உண்டு, ஆனா செஞ்சது வேற. வயித்துப் பிள்ளையோட செத்தவளுக்குச் சுமைதாங்கிக்கல் நட்டாங்க. வழிப்போக்கன் தலைச்சுமையை அதில் இறக்கி வச்சா, அவள் சுமையும் இறங்கும்னு நம்பிக்கை. ஊசியை விட அது எவ்வளவோ மேல், என்னைக் கேட்டா.

ஏன் மனசு சரியில்லைன்னு சொல்றேன். எங்க அப்பாவோட அக்கா தோட்டத்து லயத்தில் தலைப்பிரசவத்தில் போனவங்க. ராத்திரி பேர் சொன்னா வந்திடுவாங்கன்னு பாட்டி சொல்லவே மாட்டாங்க, அப்பாவும் சொன்னதில்லை. பாக்டரியில் நைட் ஷிப்டில் யாராவது பேயைப் பார்த்தேன்னு சொன்னா அதட்டி அனுப்பற சூப்பர்வைசர் நான், எனக்கே சின்ன வயசில் அத்தைன்னா பயம்.

இந்த ஆடி அமாவாசைக்கு அவங்களுக்கு மோட்ச தீபம் ஏத்தலாம்னு குருக்கள்கிட்ட கேட்டேன். பேர் என்னன்னு கேட்டார். முழிச்சேன். எங்க தோட்டத்துப் பழைய ஆளுங்க யாராவது இதைப் படிச்சா, அத்தை பேர் ஞாபகம் இருந்தா சொல்லுங்க. கீழே எழுதினாலும் சரி, கோயில்ல பார்த்துச் சொன்னாலும் சரி.