ராணுவ ஜீப் வாங்கலாமா?



சேமிப்பை எல்லாம் போட்டு, ஏலத்தில் பழைய ராணுவ ஜீப் எடுக்கலாமா என்று நம் பள்ளியில் படித்த தம்பி ஒருவன் போனில் கேட்டான். அவனுக்குச் சொன்ன வரலாற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. 1945-இல் போர் முடிந்ததும் மிஞ்சியவை விற்பனைக்கு வந்தன. பிரிட்டனில் ரோவர் கார் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், ஆங்கிள்சி தீவில் இருந்த தம் பண்ணைக்கு அப்படி ஒரு ஜீப்பைக் கொண்டுவந்தார். சேற்றிலும் மேட்டிலும் நன்றாகவே உழைத்தது. ஆனால் உதிரிபாகம் கிடைப்பதுதான் பெரும்பாடு. இது தேய்ந்துபோனால் என்ன செய்வாய் என்று அண்ணன் ஸ்பென்சர் கேட்டாராம். கடைசியில் அவர்கள் நிறுவனமே புது வண்டி செய்தது. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்த லேண்ட் ரோவர் அதுதான்.

கார் நிறுவனம் நடத்தியவர்களுக்கே அந்தப் பாடு! ராணுவத்திடம் பணிமனை, மெக்கானிக், உதிரிபாகக் கிடங்கு எல்லாம் உண்டு. ஏலத்தில் நம் கைக்கு வருவது வண்டி மட்டும்தான்.

வாங்காதே என்று தம்பியிடம் சொல்லவில்லை. உள்ளூரில் பழுது பார்க்க ஆள் உண்டா, பாகம் கிடைக்குமா, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உன் பெயருக்குப் பதிவாகுமா என்று முதலில் விசாரி. ஏல விலை அளவுக்கு இன்னொரு தொகை கையில் இருந்தால் மட்டும் போ என்றேன். யோசிக்கிறேன் ஐயா என்றான்.